ஓபியாய்டு வலி மருந்துகள்: நிறுத்துவதில் ஏன் இவ்வளவு நிதானம்?

முப்பது ஆண்டுகளுக்குள் நாள்பட்ட வலி நோயாளிகள் மூன்று விதமான அறிவுரைகளைக் கேட்டுவிட்டார்கள். ‘வலியைச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம், இந்த மாத்திரை பாதுகாப்பானது’ என்றது முதல் அறிவுரை. ‘இது ஆபத்தானது, குறையுங்கள்’ என்றது அடுத்தது. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று குறைத்தால் அதுவும் ஆபத்து’ என்கிறது இப்போதைய அறிவுரை. மூன்றையும் சொன்னது ஒரே மருத்துவ உலகம்தான் என்பதால், ஆண்டுக்கணக்கில் இந்த மருந்தைச் சாப்பிட்டு வருபவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை. முதல் அறிவுரை தவறு. பின்னிரண்டும் சரி, இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிய, இந்த மருந்துகள் உடலுக்குள் செய்யும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த மருந்துகள் இவை?

அபினிலேயே இருக்கும் மார்ஃபின், கோடீன்; அபினில் உள்ள பொருள்களை வேதியியல் முறையில் மாற்றிச் செய்த ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன்; முழுக்க ஆய்வகத்தில் உருவாகும் ஃபென்டனில், மெத்தடோன், டிரமடால் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஓபியாய்டு. பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் பாராசிட்டமாலுடன் டிரமடாலோ கோடீனோ சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. தாம் ஓபியாய்டு சாப்பிடுவதே தெரியாமல் பல மாதங்கள் சாப்பிடுபவர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பார்ப்பது முதல் வேலை.

மூளை, தண்டுவடம், குடல் ஆகியவற்றில் இந்த மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகள் 1973-இல் கண்டறியப்பட்டன. உடல் தானே சுரக்கும் ஓபியாய்டு போன்ற பொருள்கள் 1975-இல் அடையாளம் காணப்பட்டன. அதாவது, வலியைத் தணிக்க உடலிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. மருந்து அதே ஏற்பாட்டைப் பல மடங்கு வேகத்தில் இயக்குகிறது. அந்த ஏற்பிகள் வலிப் பாதையில் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டிலும், மகிழ்ச்சியையும் ஆசையையும் ஆளும் பகுதிகளிலும், குடல் சுவரிலும் அவை இருக்கின்றன. வலி குறைவதும் மலச்சிக்கல் வருவதும் அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுபோவதும் ஒரே செயலின் வெவ்வேறு முகங்கள்.

ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் மூன்று நிலைகள்

1. தாங்குதிறன். ஒரே அளவு மருந்து நாளடைவில் குறைவான பலனைத் தருவது. ஏற்பிகள் மந்தமாகின்றன, செல்கள் எதிர்த்திசையில் தம்மை ஈடுகட்டிக்கொள்கின்றன. எல்லா விளைவுகளுக்கும் தாங்குதிறன் ஒரே வேகத்தில் வருவதில்லை. வலி நிவாரணம் தேய்கிறது. மலச்சிக்கல் மட்டும் கடைசிவரை கூடவே வருகிறது.

2. உடல் சார்பு. மருந்து இருக்கும் நிலைக்கு உடல் பழகிப்போய், அது இல்லாவிட்டால் விலகல் அறிகுறிகள் தோன்றுவது. தொடர்ந்து சில வாரங்கள் தினமும் சாப்பிட்டால் அநேகமாக எவருக்கும் இது வரும். மனவலிமையோ ஒழுக்கமோ இதில் ஒரு பங்கும் வகிப்பதில்லை.

3. அடிமைநிலை. மருத்துவத்தில் இதை ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, தீங்கு கண்ணெதிரே நடந்தும் நிறுத்த முடியாமை, மருந்தைத் தேடுவதைச் சுற்றியே நாள் ஓடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கே இது ஏற்படுகிறது.

இரண்டாவது நிலையில் இருப்பவரை மூன்றாவது நிலையில் இருப்பவராக நடத்துவதுதான் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் அன்றாடம் நடக்கும் அநியாயம். மருந்து கிடைக்காமல் வியர்த்து நடுங்கும் ஒருவரைப் பார்த்து ‘அடிமையாகிவிட்டார்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உண்மையிலேயே மூன்றாவது நிலைக்குப் போய்விட்ட ஒருவருக்கு வெறும் அளவுக் குறைப்புத் திட்டத்தைக் கொடுத்து அனுப்புவது. அவருக்கு வேண்டிய சிகிச்சை வேறு. அது பின்னால் வருகிறது.

நாள்பட்ட வலியில் பலன் ஏன் தேய்கிறது?

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, தீக்காயம் போன்ற புதிய வலியில் ஓபியாய்டுக்கு உரிய இடம் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியின் கதை வேறு. அங்கே காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் தன் எச்சரிக்கையைக் குறைத்துக்கொள்ளாமல் இருக்கிறது. சாதாரணத் தொடுதலும் அசைவும்கூட வலியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. தூக்கமின்மை, மனச்சோர்வு, அசைவைக் கண்டு அஞ்சுவது ஆகியவை அதற்கு எண்ணெய் வார்க்கின்றன. இந்தக் கூட்டுச் சிக்கலில் ஓபியாய்டு தொடுவது ஒரு நுனியை மட்டுமே.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2018-இல் வெளியானது. நீடித்த முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி கொண்ட 240 பேரில் பாதிப் பேருக்கு ஓபியாய்டு அடிப்படையிலான சிகிச்சையும் மீதிப் பேருக்கு மற்ற மருந்துகளும் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வலியின் அளவு ஓபியாய்டு எடுக்காதவர்களிடமே சற்றுக் குறைவாக இருந்தது. பக்கவிளைவுகள் ஓபியாய்டு தரப்பில் அதிகம். புதிதாக வந்த கழுத்து, முதுகு வலிக்கும்கூட இதே கதி. 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்கள்வரை தரப்பட்ட ஓபியாய்டு, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலான பலனைத் தரவில்லை.

இன்னும் இரண்டு நுட்பமான சிக்கல்கள் உண்டு. நீண்ட காலம் அதிக அளவில் எடுக்கும்போது சிலருக்கு மருந்தே நரம்புகளின் வலி உணர்வைக் கூட்டிவிடுகிறது. அளவை ஏற்ற ஏற்ற வலி பரவுகிறது. இரண்டாவது, குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரைகளை எடுப்பவருக்கு ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சிறிய விலகல் வந்துபோகிறது. அதுவும் வலியாகவே உணரப்படுகிறது. மாத்திரை போட்டதும் அது அடங்குகிறது. ‘மாத்திரை இல்லாவிட்டால் வலி தாங்க முடியவில்லை, போட்டால் சரியாகிறது’ என்று நோயாளி சொல்வது பொய்யே இல்லை. அவர் உணரும் நிவாரணத்தில் எவ்வளவு பழைய நோயைத் தணிக்கிறது, எவ்வளவு முந்தைய வேளை மாத்திரை விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்புகிறது என்பதை அவராலும் பிரித்தறிய முடியாது, மருத்துவராலும் முடியாது. மெதுவாகக் குறைத்துப் பார்த்தால் மட்டுமே அது தெரியவரும்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது?

1980-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் இந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கு மட்டுமே அடிமைநிலை ஏற்பட்டதாக அது சொன்னது. வீட்டில் பல மாதங்கள் மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் 2017-இல் கணக்கெடுத்தபோது அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அடிமைநிலை அரிது என்பதற்கான சான்றாகவே அதை எடுத்துக்காட்டியிருந்தது. 1996-இல் ஆக்சிகான்டின் என்ற பெயரில் நீண்ட நேரம் செயல்படும் ஆக்சிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்தது. அந்த மருந்தின் அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக்காட்டி விற்ற குற்றத்தை 2007-இல் அதைத் தயாரித்த பர்டூ நிறுவனத் தரப்பு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த நாட்டில் மருத்துவர் எழுதித்தரும் ஓபியாய்டுகளால் நேரும் மரணங்கள் பல மடங்கு பெருகியிருந்தன.

எதிர்வினையும் அளவு மீறியது. 2016-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளுக்கு 50 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டும்போது கவனம் வேண்டும், 90-ஐத் தவிர்க்கப் பாருங்கள் என்றது. மருத்துவருக்குச் சொன்ன ஆலோசனை அது. காப்பீட்டு நிறுவனங்களும் மருந்துக் கடைகளும் சில மாநிலச் சட்டங்களும் அதைத் தாண்டக்கூடாத கோடாக்கின. பல ஆண்டுகளாக நிலையான அளவில் இருந்தவர்களின் மருந்து சில வாரங்களில் பாதியாக்கப்பட்டது; சிலருக்கு ஒரே நாளில் நின்றது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், திடீரென நிறுத்துவதால் கடும் விலகல், கட்டுக்கடங்காத வலி, மன உளைச்சல், தற்கொலை ஆகியவை நேர்கின்றன என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் வழிகாட்டுதல் திருத்தி எழுதப்பட்டது.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் தீங்கை எண்களில் காட்டியது. அதிக அளவில் நிலையாக ஓபியாய்டு எடுத்துவந்த 1,13,618 பேரின் பதிவுகளை அது அலசியது. அளவு குறைக்கப்பட்டவர்களிடம் நூறு நபர்-ஆண்டுகளுக்கு, அதாவது நூறு பேரை ஓராண்டு கவனித்த கணக்கில், 9.3 மிகையளவு (மருந்து ஆபத்தான அளவுக்கு மிஞ்சுவது) அல்லது விலகல் சம்பவங்களும், குறைக்கப்படாத காலத்தில் 5.5-உம் பதிவாகியிருந்தன. மனநல நெருக்கடிகள் 7.6-க்கு 3.3. குறைப்பின் வேகம் கூடக்கூட ஆபத்தும் கூடியது. ஏற்கெனவே சிக்கலில் இருந்தவர்களுக்கே மருந்து குறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் குறைப்பின் மேல் போட முடியாது. ஆனாலும் அளவைக் குறைத்தால் ஆபத்து தானாகக் குறைந்துவிடும் என்ற எளிய கணக்கு அதோடு முடிந்தது.

யாருக்குக் குறைப்பு, யாருக்கு வேண்டாம்?

புற்றுநோய் வலியில் இருப்பவர்களும் வாழ்வின் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்களும் இந்தப் பேச்சுக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களுக்கு மார்ஃபின் இன்றியமையாத மருந்து. இதைப் படித்துவிட்டு அவர்களுடைய மருந்தில் வீட்டார் கைவைத்தால் அது கொடுமை.

மற்றவர்களில், பலனைவிடத் தீங்கு மேலோங்கும்போது குறைப்பைப் பற்றிப் பேசலாம்: அளவு ஏறியும் நடமாட்டம் கூடவில்லை, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், விழுதல், தூக்கத்தில் மூச்சுத் தடை, ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, தூக்க மாத்திரைகளோடோ மதுவோடோ சேர்ந்து எடுப்பது. நோயாளியே விரும்பிக் கேட்பதும் போதுமான காரணம். கர்ப்பிணிகள் தாமாக நிறுத்தக்கூடாது. திடீர் விலகல் கருவைப் பாதிக்கும். பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரைகளையும் எடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குறைக்கக்கூடாது. அந்த மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

குறைந்த அளவில், நல்ல நடமாட்டத்துடன், பக்கவிளைவின்றி இருக்கும் ஒருவருக்கு எண்ணைக் குறைப்பதற்காகவே குறைப்பதில் பொருள் இல்லை என்பதே 2022 வழிகாட்டுதலின் உட்பொருள் என்று நான் வாசிக்கிறேன்.

குறைப்பின் கணக்கு

வெவ்வேறு மருந்துகளை ஒப்பிட மார்ஃபின் சமஅளவு பயன்படுகிறது. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் ஆக்சிகோடோனை 1.5-ஆல் பெருக்கினால் 60. 300 மில்லிகிராம் டிரமடாலை 0.2-ஆல் பெருக்கினாலும் 60. ‘டிரமடால் லேசானதுதானே’ என்பவர்கள் இந்த இரண்டாவது பெருக்கலைக் கவனிக்க வேண்டும். ஆபத்தை மதிப்பிட உதவும் கணக்கு இது. ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற இதை அப்படியே பயன்படுத்தக்கூடாது.

ஓராண்டுக்கும் மேலாக எடுத்துவருபவர்களுக்கு மாதம் 10 விழுக்காடோ அதைவிட மெதுவாகவோ குறைப்பது தாங்கக்கூடியது என்கிறது 2022 வழிகாட்டுதல். சில வாரங்கள் மட்டும் எடுத்தவருக்கு இவ்வளவு நீட்டிக்கத் தேவையில்லை. ஆனால் எதன் 10 விழுக்காடு?

தினமும் 60 மில்லிகிராமில் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப அளவில் 10 விழுக்காடு என்றால் ஒவ்வொரு மாதமும் 6 மில்லிகிராம் போகும்: 60, 54, 48, 42. பத்தே மாதத்தில் முடிந்துவிடும் நேர்த்தியான அட்டவணை. ஆனால் 12-இலிருந்து 6-க்கு இறங்கும் மாதத்தில் உடலுக்கு அது பாதிக்குப் பாதி. 6-இலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் மாதம் முழு இழப்பு. முக்கால் வழி நன்றாக வந்தவர்கள் கடைசிப் படிகளில் தடுமாறி விழுவதற்கும், அதைத் தம் பலவீனம் என்று நினைத்து நொந்துகொள்வதற்கும் இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம்.

அப்போதைய அளவில் 10 விழுக்காடு என்று கொண்டால் படிகள் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும்: 60, 54, 48.6, 43.7. பாதியை எட்டவே ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆகும். ஓராண்டு முடிவில் 17 மில்லிகிராம் அளவில் நிற்பார். மெதுவானதுதான். ஆனால் ஒவ்வொரு படியும் உடலுக்கு ஏறத்தாழ ஒரே உயரம்.

தாளில் எழுதும் அளவு எல்லாம் மாத்திரையாகக் கிடைக்காது என்பது அடுத்த தலைவலி. நீண்ட நேரம் செயல்படும் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடியாக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே சமயத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். காலை 30, இரவு 30 எடுப்பவரிடம் 15 மில்லிகிராம் மாத்திரை மட்டுமே கிடைக்கும் என்றால் முதல் படியே 25 விழுக்காடாகிவிடும். சிறிய அளவு மாத்திரைகளைக் கலந்து கொடுப்பது, திரவ மருந்துக்கு மாற்றுவது என மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து யோசித்தால் வழி பிறக்கும்.

நடைமுறையில் கைகொடுக்கும் சில விதிகள்:

1. எந்த வேளை மாத்திரையை முதலில் குறைப்பது என்பதை நோயாளி முடிவு செய்யட்டும். காலையில் எழுந்து நடமாடுவதே பெரும்பாடு என்பவருக்குக் காலை வேளையைக் கடைசியில் தொட்டால் போதும்.

2. தாங்க முடியாவிட்டால் அந்தப் படியிலேயே சில வாரங்களோ மாதங்களோ நிற்கலாம். நிற்பது தோல்விக் கணக்கில் வராது. முடிந்தவரை மீண்டும் மேலே ஏறாமல் இருப்பதே நோக்கம்.

3. மிகச் சிறிய அளவை எட்டியபின் அளவைக் குறைப்பதற்குப் பதில் வேளைகளுக்கு இடையிலான நேரத்தை நீட்டலாம். ஒரு நாளைக்கு ஒரு முறையைவிடக் குறைவாக எடுக்கும் நிலை வந்தால் நிறுத்திவிடலாம்.

4. பூஜ்யம்தான் இலக்கு என்ற கட்டாயம் இல்லை. 120-இலிருந்து 40-க்கு வந்து அங்கே நலமாக இருப்பவர் வெற்றி பெற்றவரே.

விலகலின் முகம்

ஓபியாய்டு நீண்ட நாள் அடக்கிவைத்திருந்த ஒரு பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. நோர்அட்ரினலின் என்னும் விழிப்பூட்டும் பொருளை வெளியிடுவது அதன் வேலை. அழுத்தம் விலகியதும் அது கட்டவிழ்ந்து இயங்குகிறது. படபடப்பு, வியர்வை, மயிர்க்கூச்செறிதல், மூக்கிலும் கண்ணிலும் நீர், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, தூக்கமின்மை என எல்லாம் அதன் தொடர்ச்சி. குறுகிய நேர மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் தணியும். மெத்தடோன் போன்றவற்றில் தாமதமாகத் தொடங்கி நெடுநாள் இழுக்கும். டிரமடால் வேறு சில மூளை வேதிப்பொருள்களையும் தொடுவதால், அதை விடும்போது சிலருக்குத் திகில், குழப்பம், தோலில் ஊறல் உணர்வு ஆகியவையும் வரும். மெதுவான குறைப்பில் இவையெல்லாம் லேசான நிழலாக வந்துபோகும், வராமலும் போகும்.

இதில் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. விலகலின்போது பழைய வலி இடங்களே முதலில் வலிக்கும். எப்போதோ ஆறிய காயம்கூட நினைவூட்டும். ‘பார்த்தீர்களா, நோய் முற்றிவிட்டது’ என்று நோயாளியும் வீட்டாரும் பதறும் கட்டம் இதுதான். பெரும்பாலும் சில நாள்களிலிருந்து சில வாரங்களில் அது அடங்கும். இதை முதல் நாளே கேட்டிருந்தவர் தாக்குப்பிடிக்கிறார். கேட்காதவர் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார்.

அறிகுறிகளைத் தணிக்க மருந்துகளும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்தான குளோனிடின், 2018-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒப்புதல் பெற்ற லோஃபெக்சிடின் ஆகியவை நோர்அட்ரினலின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துகின்றன; இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்குக்கு லோபராமைடு பயன்படும், ஆனால் குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

வலிக்கு வேறு என்ன வழி?

மருந்தைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே இதற்கான ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். மாற்று எதுவும் தராமல் அளவை மட்டும் குறைப்பது நோயாளியைக் கைகழுவி விடுவதற்குச் சமம்.

முதலில் அளவுகோலை மாற்ற வேண்டும். ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்ற கேள்வி மட்டும் இருந்தால் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணுக்கே காத்திருப்போம். பல வலி மருத்துவர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: கடந்த வாரம் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையை அனுபவிக்க வலி எவ்வளவு தடையாக இருந்தது, அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு தடையாக இருந்தது. மூன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை. மொத்தத்தில் 30 விழுக்காடு குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். முதல் எண் அசையாமல் நிற்க, பின்னிரண்டும் இறங்குவது அடிக்கடி நடக்கும். அதுவும் முன்னேற்றமே.

உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்று பல மருந்துகளுக்கு இருப்பதைவிட உறுதியானது. எந்தப் பயிற்சி என்பதைவிட, தொடர்ந்து செய்கிறாரா என்பதே முக்கியம். இங்கே பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லித்தரும் நுட்பம் அளவறிந்து இயங்குவது. முதுகுவலிக்காரர் ஒருவர் வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலைகளையெல்லாம் செய்து முடிக்கிறார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில் கிடக்கிறார். பிறகு எழுந்ததும் அதே கதை. இந்தச் சுழற்சியில் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்ளும் பாடம் ‘அசைந்தால் ஆபத்து’ என்பதே. இதை உடைக்க, எந்த நாளிலும் வலியைக் கிளப்பாத அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிட நடை எப்போதும் தாங்குகிறது என்றால் எட்டு நிமிடத்தில் தொடங்குவது. நல்ல நாளிலும் எட்டு, கெட்ட நாளிலும் எட்டு. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுவது. நல்ல நாளில் எட்டோடு நிறுத்திக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி.

உளவியல் சிகிச்சை என்றதும் ‘என் வலி கற்பனை என்கிறீர்களா?’ என்று நோயாளி கேட்பார். நியாயமான கோபம். வலி உண்மையானது; அது உருவாகும் இடத்தில் அச்சமும் கவனமும் எதிர்பார்ப்பும் கைவைக்கின்றன என்பதும் உண்மை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அந்தக் கைகளை விலக்கக் கற்றுத்தருகிறது. இதன் பலன் அளவானது, ஆனால் நிறுத்தியபின் விலகல் எதுவும் இல்லை. தூக்கத்துக்கென்றே வடிவமைத்த இதே வகைச் சிகிச்சையும் உண்டு. இரவு தூங்கியவரின் வலி மறுநாள் ஒரு படி குறைவு என்பதால், எங்கே தொடங்குவது என்று தெரியாதபோது தூக்கத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

மருந்துகளில் எதுவும் மாயமில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு நல்ல தேர்வு. அதே வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். நரம்பு வலிக்கு டூலோக்செட்டின், அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரீகபாலின் ஆகியவை முதல் வரிசையில் நிற்கின்றன. டூலோக்செட்டினோ பிரீகபாலினோ ஆறிலிருந்து எட்டுப் பேருக்குக் கொடுத்தால், போலி மாத்திரையால் கிடைப்பதற்கு மேல் ஒருவருக்கு வலி பாதியாகக் குறையும். மற்றவர்களுக்கு அடுத்ததை முயன்று பார்க்க வேண்டும். கபாபென்டின் வகையை ஓபியாய்டோடு சேர்த்தால் மூச்சு மந்தப்படலாம் என்று 2019 டிசம்பரில் எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆகவே குறைப்புக் காலத்தில் துணைக்கு அழைக்கும்போது அளவு குறைவாக இருக்கட்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சுசெட்ரிஜின் ஓபியாய்டு ஏற்பிகளைத் தொடாத புதுவகை மருந்து. ஆனால் அந்த ஒப்புதல் புதிய வலிக்கு மட்டும். நாள்பட்ட வலிக்காரர்கள் செய்தியைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் 608 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. ஒரு தரப்புக்குக் குழு வகுப்புகளும், செவிலியரின் தனிப்பட்ட வழிகாட்டலும், அவரவருக்கேற்ற குறைப்புத் திட்டமும் கிடைத்தன. மறுதரப்புக்கு வழக்கமான சிகிச்சையோடு தகவல் கையேடும் தளர்வுப் பயிற்சிக் குறுந்தகடும். ஓராண்டில் முதல் தரப்பில் 29 விழுக்காட்டினர் ஓபியாய்டை முற்றிலும் விட்டிருந்தார்கள். மறுதரப்பில் 7 விழுக்காட்டினர். வலி அன்றாட வாழ்வில் குறுக்கிடும் அளவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. மருந்தை விட்டால் வலி குறைந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. விட்டதால் வலி மோசமாகிவிடவில்லை என்பதே இதில் கிடைக்கும் நேர்மையான செய்தி. அச்சத்தில் இருக்கும் நோயாளிக்கு அதுவே பெரிய செய்தி.

குறைக்க முடியாதபோது

எவ்வளவு மெதுவாகப் போனாலும் சிலரால் இறங்க முடிவதில்லை. குறைக்கும் முயற்சியில்தான் சிலருக்கு அடிமைநிலை இருப்பதே வெளிச்சத்துக்கு வருகிறது. இரு தரப்புக்கும் பயன்படும் மருந்து பியூப்ரெனார்ஃபின். அது ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது, ஆனால் பாதியளவே தூண்டுகிறது. மூச்சை மந்தப்படுத்துவதில் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை என்பதால் மற்ற ஓபியாய்டுகளைவிடப் பாதுகாப்பு அதிகம். வலியும் தணியும். ஒரு சிக்கல்: பழைய மருந்து உடலில் நிறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால் அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுக் கடும் விலகலை உண்டாக்கும். அதனால் லேசான விலகல் தொடங்கும்வரை காத்திருந்தோ, மிகச் சிறிய அளவுகளில் படிப்படியாக ஏற்றியோ தொடங்குகிறார்கள். அடிமைநிலை உறுதியானால் பியூப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ நீண்ட காலம் தொடர்வதே உயிர் காக்கும் சிகிச்சை. ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று இதை இகழ்பவர்கள், அந்த மருந்தை நிறுத்தியவர்களிடம் மரணம் கூடுவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது

குறைப்புத் தொடங்கிய வீட்டில் பழைய மாத்திரைகள் மிச்சம் இருக்கும். அளவு இறங்க இறங்க உடலின் தாங்குதிறனும் இறங்குகிறது. ஆறு மாதத்துக்கு முன் சாதாரணமாகத் தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்தலாம். வலி மிகுந்த ஓர் இரவில் பழைய அட்டையிலிருந்து பழைய அளவை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் இந்தப் பயணத்தின் மிக ஆபத்தான தருணம். மிச்ச மாத்திரைகளை மருந்தாளுநரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மிகையளவை முறியடிக்கும் நாலாக்சோன் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் ஊசியாகவும் இருக்கிறது. கிடைக்கும் இடங்களில் அதை வீட்டில் வைத்திருப்பதும் வீட்டார் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும் நல்லது. எழுப்பியும் எழாமை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, உதடு நீலமாவது, குறட்டை போன்ற ஒலியுடன் விட்டுவிட்டு வரும் மூச்சு ஆகியவை அடையாளங்கள். நாலாக்சோன் கொடுத்தாலும் அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், நீண்ட நேரம் செயல்படும் மாத்திரை அதன் பிறகும் உடலில் இருக்கும்.